காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிம்மதியாகிடாதீங்க: டெங்கு ஷாக், சர்குலேட்டரி ஃபெயிலியர்னா என்ன, எப்ப ஓடணும், கையில என்னென்ன இருக்கணும்

முதல்லயே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. திருச்சியில இருக்கேன், போன ஐப்பசி மழையில என் பையனுக்கு டெங்கு வந்து ஷாக்ல போய் ஐசியுல கிடந்து எழுந்து வந்தான், பத்து வயசு, 28 கிலோ. அந்த ஒரு வாரத்துல எனக்குத் தெரியாம போன விஷயங்களை எல்லாம் அப்புறமா அங்க இருந்த டாக்டருங்க கிட்டயும் டியூட்டி நர்ஸுங்க கிட்டயும் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தேன், அதைத்தான் இங்க ஒழுங்குபடுத்திப் போடுறேன். யாருக்காவது ராத்திரி 2 மணிக்கு உதவும்.

அஞ்சாம் நாள் காலையில அவனுக்கு காய்ச்சல் விட்டுடுச்சு. உடம்பு சில்லுன்னு இருந்துச்சு, நான் சாமி படத்துக்கு முன்னாடி நின்னு கும்பிட்டேன். மத்தியானம் வயிறு வலிக்குதுன்னான், ரெண்டு தடவை வாந்தி எடுத்தான், அப்புறம் படுத்துத் தூங்கிட்டான். சாயங்காலம் எதுக்கும் பார்த்துடலாம்னு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனோம். நர்ஸ் பிபி பார்த்துட்டு 100-க்கு 80-ன்னு சொன்னாங்க. நார்மல்தானேன்னு நான் இவங்க அப்பாவைப் பார்த்து சிரிச்சேன். அந்த நர்ஸ் சிரிக்கல. மறுபடி கட்டிப் பார்த்தாங்க, மறுபடியும் 100-க்கு 80. அவன் பாதத்தைத் தொட்டாங்க, நகத்தை அழுத்திப் பார்த்தாங்க, எங்க கிட்ட ஒண்ணும் சொல்லாம டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க. 100-க்கு 80-ல என்ன தப்புன்னு தெரிஞ்சிருந்தா நான் மத்தியானமே கிளம்பியிருப்பேன்.

1. முதல்ல அந்த வார்த்தையைப் புரிஞ்சுக்கோங்க

ஷாக்னு டாக்டர் சொன்னா அது கரண்ட் ஷாக்கும் இல்ல, கெட்ட செய்தி கேட்டு ஷாக் ஆகுறதும் இல்ல. எங்க கையெழுத்து வாங்கின ஃபாரத்துல தமிழ்ல அதிர்ச்சி நிலைன்னு போட்டிருந்துச்சு, அதைப் படிச்சுட்டு என் மாமியார் புள்ள எதையோ பார்த்து பயந்திருக்கான்னு சொல்லி ஊர்லேர்ந்து திருநீறு வரவழைச்சாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, அந்த வார்த்தை அப்படி.

மருத்துவத்துல ஷாக்னா, ரத்த ஓட்டம் போதாம போய் உடம்புல இருக்கற செல்லுகளுக்கு ஆக்சிஜன் சரியா போய்ச் சேராத நிலை. அக்யூட் சர்குலேட்டரி ஃபெயிலியர்னு கேஸ் ஷீட்ல எழுதுறதும் இதைத்தான், திடீர்னு ரத்த ஓட்டம் தோத்துப் போறது. ரெண்டும் வேற வேற வியாதின்னு நெனச்சு நான் ரெண்டு தடவை அழுதேன். ஹார்ட் ஃபெயிலியர் வேற, அது ஹார்ட்டோட பம்ப் பண்ற சக்தி குறையறது, பல பேர் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு வருஷக்கணக்கா நடமாடுறாங்க, ஆனா அது ரொம்ப முத்தினா அதுவும் ஷாக்ல கொண்டு போய் விடும். கார்டியாக் அரெஸ்ட் வேற, அது ஹார்ட் நின்னே போறது.

இதுல முக்கியமா புரிஞ்சுக்க வேண்டியது, ஷாக்னா பிபி இறங்குறதுன்னு அர்த்தம் இல்ல. ஓட்டம் குறைஞ்சதும் உடம்பு சும்மா இருக்காது, கை கால் தோலுக்குப் போற குழாயை எல்லாம் இறுக்கிப் பிடிச்சு, ஹார்ட்டை வேகமா அடிக்க வச்சு, இருக்கற ரத்தத்தை மூளைக்கும் ஹார்ட்டுக்கும் திருப்பி விடும். அதனால கொஞ்ச நேரத்துக்கு மேல் பிபி நார்மலாவே காட்டும். அதுவும் சின்னப் பசங்க உடம்பு கடைசி வரைக்கும் தாக்குப் பிடிச்சு திடீர்னு விழும். ஆள் பேசுவான், பேர் கேட்டா சொல்லுவான், அதனால நமக்குத் தெரியவே தெரியாது. பிபி விழுந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போறது ரொம்ப லேட்.

டெங்குல என்ன நடக்குதுன்னா, ரத்தக் குழாய் சுவர் கசிய ஆரம்பிக்குது. ரத்தம் அப்படியே வெளிய வராது, அதுல இருக்கற தண்ணி மாதிரியான பிளாஸ்மா மட்டும் கசிஞ்சு வயித்துலயும் நுரையீரலைச் சுத்தியும் தேங்குது, சிவப்பணு உள்ளேயே நிக்குது. அடுப்புல விட்ட குழம்பு சுண்டுற மாதிரி ரத்தம் சுண்டிப் போயிடும். சிபிசிங்கற ரத்த அணுக்களை எண்ற டெஸ்ட் ரிப்போர்ட்ல பிசிவின்னோ ஹெமடோக்ரிட்னோ ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அது ஏறுதுன்னா சுண்டுதுன்னு அர்த்தம். என் பையனுக்கு ரெண்டாம் நாள் 36, நாலாம் நாள் 39, அஞ்சாம் நாள் 45. வழக்கமா இருக்கறதை விட 20 சதவீதம் ஏறினாலே கசிவு நல்லாவே இருக்குன்னு எடுத்துக்குவாங்க, இவனுக்கு 25. நான் அந்த மூணு ரிப்போர்ட்டையும் கையில வச்சுக்கிட்டு ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டை மட்டும் பார்த்துட்டு இருந்தேன்.

2. காய்ச்சல் நாளை எண்ணுங்க

காய்ச்சல் ஆரம்பிச்ச நாள்தான் முதல் நாள். நம்ம எல்லாரும் ஒரு ரெண்டு மூணு நாளா இருக்குன்னு சொல்லுவோம், அது போதாது, தேதியும் மணியும் எழுதி வைங்க, ஏன்னா எந்த டெஸ்ட் எப்ப எடுக்கணும், ஆபத்து எப்ப வரும்னு எல்லாமே அந்த நாள் கணக்குலதான் ஓடுது.

முதல் அஞ்சு நாளுக்குள்ள என்எஸ்1 டெஸ்ட், அது வைரஸோட புரதத்தைத் தேடுறது; அஞ்சு நாள் தாண்டினா ஐஜிஎம், அது வைரஸுக்கு எதிரா உடம்பு உருவாக்குற எதிர்ப்புப் பொருளைத் தேடுறது. எங்க பக்கத்து வீட்ல ஆறாம் நாள் என்எஸ்1 எடுத்து நெகட்டிவ்னு வந்து டெங்கு இல்லன்னு இட்லி சுட்டுக் கொடுத்துட்டு இருந்தாங்க, அப்புறம் ஐஜிஎம் பாசிட்டிவ். நெகட்டிவ்னு வந்தாலும் அறிகுறி இருந்தா டெங்குன்னே வச்சுத்தான் பார்க்கணும். சிபிசி ஒரு தடவை எடுத்தா பிரயோஜனம் கம்மி, மூணாம் நாள்லேர்ந்து தினமும் எடுத்தாத்தான் ஏறுதா இறங்குதான்னு தெரியும், முடிஞ்சா ஒரே லேப்ல எடுங்க.

ஆபத்தான நேரம் மூணாம் நாள்லேர்ந்து ஏழாம் நாளுக்குள்ள, அதுவும் காய்ச்சல் இறங்குற நேரத்துல ஆரம்பிச்சு ஒரு 24-லேர்ந்து 48 மணி நேரம். இதுதான் எல்லாரும் ஏமாறுற இடம். மத்த காய்ச்சல்ல எல்லாம் காய்ச்சல் விட்டா பிழைச்சோம். இதுல காய்ச்சல் விட்டதும் குழந்தை விளையாடுது, பசிக்குதுங்குது, ஒண்ணுக்குப் போகுதுன்னா நல்லது. காய்ச்சல் விட்டும் சோர்ந்து கிடக்குதுன்னா அது தூக்கம் இல்ல. ஸ்கூல் லீவ் லெட்டர்ல தேதி போடுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு நாளைக் கடந்துடுங்க.

3. நெத்தியைத் தொடுறதை விட்டுட்டு பாதத்தைத் தொடுங்க

அந்த ரெண்டு நாளும் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரியும் அலாரம் வச்சு எழுந்து, இதைப் பாருங்க.

பாதமும் உள்ளங்கையும் சில்லுன்னு ஈரமா இருக்கா, வயிறு நெஞ்சு மட்டும் சூடா இருந்து கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்கா. விரல் நகத்தை ஒரு அஞ்சு செகண்ட் அழுத்திட்டு விடுங்க, வெளுத்த இடம் ரெண்டு செகண்டுக்குள்ள சிவப்பாகணும், ஆகலன்னா உடனே கிளம்பணும். (வீட்ல எல்லார் நகத்தையும் ஒரு தடவை அழுத்திப் பழகிக்கோங்க, அப்பத்தான் நார்மல் எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகும். ஏசி ரூம்ல பார்க்காதீங்க, குளிர்ல சும்மாவே லேட்டாகும்.)

ஒண்ணுக்குப் போனானா, எப்பப் போனான். இதை நான் சரியா கவனிக்கல. ஆஸ்பத்திரியில கடைசியா எப்ப யூரின் போனான்னு கேட்டப்ப நானும் இவங்க அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம், யோசிச்சா காலையில 8 மணிக்கு, அப்ப மணி சாயங்காலம் 6. ஒரு காலண்டர் பின்பக்கத்துல மணியும் அளவும் எழுதி வைங்க, பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்ல பிடிச்சு அளந்தா கூட சரிதான். நாலஞ்சு மணி நேரமா போகலன்னா காத்திருக்காதீங்க.

பிபி மெஷின் இருந்தா மேல இருக்கற நம்பர்லேர்ந்து கீழ இருக்கற நம்பரைக் கழிங்க. 120-க்கு 80-ன்னா வித்தியாசம் 40. டெங்குல அது 20-க்கு வந்துட்டா, மேல் நம்பர் எவ்வளவு அழகா இருந்தாலும் அது ஷாக். குழாய் எல்லாம் இறுகிப் போனதால கீழ் நம்பர் ஏறி மேல் நம்பர் கிட்ட வந்து நிக்குது. எங்க 100-க்கு 80 இதுதான். ஆனா ஒண்ணு, பெரியவங்களுக்கு வச்சிருக்கற பட்டையைக் குழந்தை கையில கட்டினா நம்பர் தப்பாக் காட்டும், அதனால வீட்டு மெஷினை நம்பி நிம்மதியாகாதீங்க, பயப்படுறதுக்கு மட்டும் பயன்படுத்துங்க.

இதோட விடாத வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறு மூக்குல ரத்தம், கருப்பா மலம், எழுந்து நின்னா தலை சுத்தல், ஒரே எரிச்சலா படுக்கையில புரண்டுட்டே இருக்கறது, இல்லன்னா எழுப்ப எழுப்பத் தூங்குறது. இதுல ஒண்ணு இருந்தாலே போதும், நாலும் சேரட்டும்னு பார்க்காதீங்க. பெரிய பொம்பளப் பிள்ளைங்களுக்கு பீரியட்ஸ் வழக்கத்தை விட அதிகமாப் போனாலும் இதே கணக்குதான்.

4. கொடுக்கக் கூடாதது

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கு டாக்டர் சொன்ன அளவு, ரெண்டு டோஸுக்கு நடுவுல ஆறு மணி நேரம். சீக்கிரம் இறங்கட்டும்னு ஐப்யூப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக் ஊசி எதுவும் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும். எங்களுக்கு ரெண்டாம் நாள் ஒரு கிளினிக்ல இடுப்புல ஊசி போட்டு அனுப்பினாங்க, என்ன ஊசின்னு சீட்டுல எழுதவே இல்ல, பின்னாடி ஐசியுல கேட்டப்ப பதில் சொல்ல முடியல. எந்த ஊசி போட்டாலும் பேரை எழுதித் தரச் சொல்லுங்க, வெக்கப்படாதீங்க.

நிலவேம்பு, பப்பாளி இலை பத்தி எல்லாம் நான் சண்டைக்கு வரல. ஆனா வாந்தி எடுக்கற குழந்தைக்கு அதைக் கட்டாயப்படுத்தி ஊத்தி, குடிக்க வேண்டிய ஓஆர்எஸ், கஞ்சித் தண்ணி, மோர், இளநீர் இடத்தை அது அடைச்சுடக் கூடாது. சிவப்பு, கருப்பு கலர்ல ஜூஸ், பீட்ரூட் எல்லாம் இந்த ரெண்டு நாளைக்கு வேண்டாம், வாந்தியில வந்தா ரத்தமா ஜூஸான்னு யாருக்கும் தெரியாது.

5. எங்க போறது, எப்படிப் போறது

108-ஐக் கூப்பிடுங்க, காசு கிடையாது. சும்மா உடம்பு சரியில்லன்னு சொல்லாதீங்க, டெங்கு, அஞ்சாம் நாள், கை கால் சில்லுன்னு இருக்கு, யூரின் பத்து மணி நேரமாப் போகலன்னு சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும் படுக்க வைங்க, உட்கார வச்சு நடக்க வச்சு மாடிப்படி இறக்காதீங்க, தூக்கிட்டுப் போங்க. நாங்க பைக்ல நடுவுல உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போனோம், பாதி வழியில தலை சாஞ்சு என் தோள்ல விழுந்துச்சு, தூங்குறான்னு நெனச்சேன்.

குழந்தைகளுக்கு ஐசியு இருக்கற, 24 மணி நேரமும் லேப் ஓடுற இடமாப் போங்க. ராத்திரி பிசிவி பார்க்க முடியாத இடத்துல அட்மிட் பண்ணிட்டு விடிஞ்சதும் மாத்துறேன்னு சொல்றது ரொம்பப் பெரிய பொறி. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைப் பத்தி நெறைய பேருக்குத் தயக்கம் இருக்கும், டெங்கு சீசன்ல அவங்க ஒரு நாள்ல பார்க்கற கேஸ் சில தனியார் இடத்துல ஒரு மாசத்துக்கு வராது, அந்தப் பழக்கம் கையில தெரியும். பெரிய அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க, ஷாக்னா சிவப்புக்குத்தான் போகணும், ஓபி சீட்டு வரிசையில போய் நிக்காதீங்க. ஒருத்தர் சீட்டுப் போடட்டும், இன்னொருத்தர் குழந்தையோட உள்ள போங்க.

ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாத்துறாங்கன்னா ரெஃபரல் லெட்டர் இல்லாம வண்டி ஏறாதீங்க. அதுல எந்த மணிக்கு என்ன டிரிப்ஸ், எத்தனை மில்லி போச்சுன்னு இருக்கணும். அடுத்த டாக்டர் கேக்குற முதல் கேள்வி அதுதான்.

6. ஒரு பை தயாரா வைங்க

காய்ச்சல் மூணு நாள் தாண்டினதும் ஒரு துணிப்பையில இதைப் போட்டு கதவுகிட்ட மாட்டிடுங்க:

- எல்லா சிபிசி ரிப்போர்ட்டும் தேதி வரிசையா, போன்லயும் போட்டோ எடுத்து வைங்க. நோய் வர்றதுக்கு முன்னாடி எடுத்த பழைய ரிப்போர்ட் இருந்தா தங்கம், நார்மல் பிசிவி எவ்வளவுன்னு அதுலதான் தெரியும்.
- மருந்துச் சீட்டு, சாப்பிட்ட மாத்திரை அட்டை காலியா இருந்தாலும்.
- காய்ச்சல், யூரின் எழுதின பேப்பர்.
- குழந்தையோட எடை. டிரிப்ஸ் கணக்கெல்லாம் கிலோவுக்குத்தான். பத்து வயசுன்னா இவ்வளவுன்னு யூகிச்சுச் சொல்லாதீங்க.
- குழந்தை ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, இன்சூரன்ஸ் இருந்தா கார்டு, அப்பா அம்மா ஆதார், பான்.
- சார்ஜர், ஒரு போர்வை, கொஞ்சம் ரொக்கம். ராத்திரி மருந்துக்கடையில ஜிபே வேலை செய்யாம நாங்க நின்ன கதை தனி.

ரேஷன் கார்டுல குழந்தை பேர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. நெறைய வீட்ல சேர்த்திருக்க மாட்டாங்க, அது இல்லன்னா காப்பீட்டு டெஸ்க்ல நிறுத்திடுவாங்க.

7. ஐசியு வாசல்ல நின்னு என்ன கேக்குறது

உள்ள விட மாட்டாங்க, டாக்டர் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை வெளிய வந்து ரெண்டு நிமிஷம் பேசுவார், அந்த ரெண்டு நிமிஷத்துல பயத்துல எப்படி இருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வந்துடுவோம், அவரும் கிரிட்டிக்கல்தான்னு சொல்லிட்டுப் போயிடுவார். நான் மூணாவது தடவையிலேர்ந்து பேப்பர்ல எழுதிட்டுப் போனேன்.

பிபி விழுந்த ஷாக்கா, விழாத ஷாக்கா. பிபி தானா நிக்குதா, மருந்துல நிக்குதா. நார்அட்ரினலின்னு ஒரு மருந்து சொல்லுவாங்க, குழாயை இறுக்கி பிபி ஏத்துறது, அது ஓடுதுன்னா டோஸ் நேத்தை விடக் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு கேளுங்க, குறையறதுதான் நல்ல செய்தி. கடைசி ஆறு மணி நேரத்துல யூரின் எவ்வளவு, கிலோவுக்கு மணிக்கு அரை மில்லியாவது வரணும், என் பையனுக்கு மணிக்கு 14 மில்லி, அது வர ஆரம்பிச்சதும்தான் அந்த டாக்டர் முதல் தடவையா சேர் இழுத்து உட்கார்ந்து பேசினார். லாக்டேட் எவ்வளவு, ஆக்சிஜன் பத்தாத செல்லு விடுற கழிவு மாதிரி அது, ரெண்டுக்கு மேல இருந்தா கவலை, இறங்கிட்டே வரணும். பிசிவி எவ்வளவு.

பிசிவியில ஒரு சிக்கல் இருக்கு. இறங்கினா நல்லதுன்னு நான் சந்தோஷப்பட்டப்ப டாக்டர் சொன்னார், குழந்தை நல்லா இருந்து இறங்கினா டிரிப்ஸ் வேலை செய்யுது, குழந்தை மோசமாகிட்டே இறங்கினா உள்ள எங்கயோ ரத்தம் போகுதுன்னு அர்த்தம்னு. ஒரே நம்பர், ரெண்டு அர்த்தம்.

டிரிப்ஸ் விஷயத்துல ஒரு வேண்டுகோள். இவனுக்கு முதல் மணி நேரத்துல கிலோவுக்கு 10 மில்லி, 280 மில்லி போட்டாங்க, அப்புறம் படிப்படியா குறைச்சாங்க. வெளிய இருந்த எங்க சொந்தக்காரர் ஒருத்தர் ஏன் குறைக்கிறீங்க, காசு கட்டுறோம்ல, இன்னும் ரெண்டு பாட்டில் போடுங்கன்னு சத்தம் போட்டார். கசிவு நின்னதும் வெளிய போன தண்ணி எல்லாம் தானா குழாய்க்குள்ள திரும்பி வரும், அந்த நேரத்துல நம்ம மேல மேல ஊத்தினா நுரையீரல்ல நிறைஞ்சு மூச்சு முட்டும். ஷாக்ல பிழைச்சு டிரிப்ஸ்ல போன குழந்தைங்க உண்டுன்னு அந்த நர்ஸம்மா சொன்னாங்க. அளவை அவங்க கிட்ட விட்டுடுங்க.

பிளேட்லெட்டுக்கும் அதேதான். இவனுக்கு 42,000-க்கு இறங்கினப்ப சொந்தத்துல அத்தனை பேரும் டோனர் தேட ஆரம்பிச்சுட்டாங்க, வாட்ஸ்அப்ல பேர் போய்ட்டு இருக்கு, டாக்டர் ஏத்தவே இல்ல. ரத்தப்போக்கு இல்லன்னா பொதுவா 10,000-க்குக் கீழ போனாத்தான் யோசிப்பாங்க. ஷாக்குக்கு மருந்து டிரிப்ஸ், பிளேட்லெட் இல்ல. ஆனா ரத்த குரூப் தெரிஞ்ச ரெண்டு பேர் போன் நம்பரைக் கையில வச்சிருக்கறது தப்பில்ல, பிளேட்லெட் பையை எடுத்து அஞ்சு நாளைக்கு மேல வைக்க முடியாது, அதனால எல்லா நேரமும் ஸ்டாக் இருக்கும்னு சொல்ல முடியாது.

8. டெங்கு இல்லாம வர்ற ஷாக்

இது தனிக் கட்டுரைக்கான விஷயம், சுருக்கமா சொல்றேன். மாடி டேங்க்ல தண்ணி இல்லன்னாலும் குழாய்ல வராது, மோட்டார் போனாலும் வராது, எங்கயாவது அடைச்சாலும் வராது. ரத்தம் போறது, காலரா மாதிரி வயித்துப்போக்கு, தீக்காயம், இதெல்லாம் டேங்க் காலியாகுறது, டெங்குவும் இந்த வகையிலதான் சேரும். பெரிய ஹார்ட் அட்டாக் மோட்டார் கோளாறு, அங்க டிரிப்ஸை இஷ்டத்துக்கு ஏத்தினா கெடுதல். நுரையீரல் ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சு கட்டியா அடைக்கிறது, ஹார்ட்டைச் சுத்தி நீர் கட்டி நசுக்குறது எல்லாம் அடைப்பு. நாலாவது ஒண்ணு, குழாய் எல்லாம் ஒரே நேரத்துல அகண்டு போறது, தண்ணி இருந்தும் பிரஷர் நிக்காது. கிருமித் தொற்று முத்தி வர்ற செப்டிக் ஷாக், குளவி கொட்டியோ மருந்து ஒத்துக்காமலோ வர்ற அலர்ஜி ஷாக் இந்த வகை.

இதுல வீட்ல அதிகமாக் கோட்டை விடுறது செப்டிக். சுகர் இருக்கற தாத்தா, கால்ல புண், இல்ல ஒண்ணுக்கு எரிச்சல், ரெண்டு நாளாக் குளிர் காய்ச்சல், இன்னைக்கு சம்பந்தமில்லாம உளர்றார், மூச்சு வேகமா வாங்குறார்னா வயசாச்சு உளர்றார்னு விடாதீங்க. முதல் கட்டத்துல அவங்க கை கால் சூடாக் கூட இருக்கும், அதனால மேல சொன்ன பாதம் டெஸ்ட் அங்க ஏமாத்தும். அலர்ஜி ஷாக்னா தொடையில அட்ரினலின் ஊசி போட்டே ஆகணும், அலர்ஜி மாத்திரை மட்டும் போதாது. எந்த ஷாக்கா இருந்தாலும் மயங்கினவங்க வாயில தண்ணி, சோடா, காபி ஊத்தாதீங்க.

9. காசு

எங்களுக்கு ஆனதைச் சொல்றேன், ஊருக்கு ஊர் மாறும். சிபிசி ஒரு தடவைக்கு 350 ரூபாய், ஏழெட்டு தடவை. தனியார்ல அட்மிஷனுக்கு முன்பணம் 30,000 கேட்டாங்க. மூணு நாள் ஐசியு, ரெண்டு நாள் ரூம், மருந்து, லேப் எல்லாம் சேர்த்து 1,38,000 வந்துச்சு. அரசு ஆஸ்பத்திரியில இதே வைத்தியத்துக்குப் பணம் கட்ட வேண்டாம், நம்ம சாப்பாடு, போக்குவரத்துதான்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற கவுண்டருக்குப் போனா அட்டைக்குப் பதிஞ்சுடலாம், குடும்பத்தோட போங்க, போட்டோ எடுப்பாங்க. எந்த ஆஸ்பத்திரி லிஸ்ட்ல இருக்குன்னு 1800 425 3993-ல கேக்கலாம். நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலையறது மாதிரி கொடுமை கிடையாது.

தனியார் இன்சூரன்ஸ்னா, புது பாலிசிக்கு முதல் 30 நாள் காத்திருப்பு உண்டு, டெங்கு சீசன் ஆரம்பிச்சதும் ஓடிப்போய் எடுத்தா உதவாது. அட்மிட் ஆன அன்னைக்கே, முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள கம்பெனிக்குச் சொல்லிடுங்க. 2024-ல இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ போட்ட விதிப்படி, கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரா பணம் கட்டுற கேஷ்லெஸ் கேட்டா ஒரு மணி நேரத்துல முடிவு சொல்லணும், டிஸ்சார்ஜ் அன்னைக்கு மூணு மணி நேரத்துல ஃபைனல் அப்ரூவல் வரணும், அதுக்கு மேல லேட் ஆகி ஆஸ்பத்திரி கூடுதலா பில் போட்டா அதைக் கம்பெனிதான் கட்டணும். டெஸ்க்ல இருக்கறவர் கிட்ட இந்த வரியைச் சொன்னேன், அப்புறம்தான் போனை எடுத்தார். ரூம் வாடகைக்கு லிமிட் இருக்கற பாலிசின்னா அதை மீறின ரூம் எடுக்காதீங்க, டாக்டர் ஃபீஸ் மாதிரி மத்த பில்லையும் அதே விகிதத்துல குறைச்சுடுவாங்க. கிளவுஸ், மாஸ்க், டயப்பர்னு சில்லறைச் சாமான் எங்க பில்லுல 9,000 ரூபாய், அதை நாங்கதான் கட்டினோம்.

10. டிஸ்சார்ஜும் அதுக்கப்புறமும்

கூட்டிட்டுப் போங்கன்னதும் ஓடி வராதீங்க. காய்ச்சல் மாத்திரை இல்லாமலே ஒரு நாளாவது, முடிஞ்சா ரெண்டு நாள் காய்ச்சல் இல்லாம இருக்கணும், ஷாக்லேர்ந்து மீண்டு ரெண்டு நாளாவது ஆகியிருக்கணும், பசி எடுக்கணும், யூரின் நல்லாப் போகணும், பிளேட்லெட் 50,000 தாண்டி ஏறிட்டு இருக்கணும். டிஸ்சார்ஜ் சம்மரியில டெங்கு ஷாக்னு தெளிவா எழுதியிருக்கான்னு வாசல் தாண்டுறதுக்கு முன்னாடி படிங்க, எங்களுக்கு முதல்ல வைரல் ஃபீவர்னு டைப் அடிச்சிருந்தாங்க, க்ளைம் மாட்டியிருக்கும். அந்தப் பேப்பர் வேற விதத்துலயும் வேணும். டெங்கு வைரஸ் நாலு வகை, ஒரு வகை வந்து போனா அதுக்கு மட்டும்தான் நிரந்தர எதிர்ப்பு, இன்னொரு வகை வந்தா மோசமாகுற வாய்ப்பு அதிகம், அதனால அடுத்த காய்ச்சல்ல எந்த டாக்டர் கிட்டப் போனாலும் இதை முதல்ல காட்டணும்.

வீட்டுக்கு வந்து கை காலெல்லாம் சிவந்து அரிச்சு, நடுவுல நடுவுல வெள்ளைத் திட்டா இருந்துச்சு, பதறிப் போய் போன் பண்ணேன், அது மீண்டு வர்றப்ப வர்றதுதானாம். ரெண்டு வாரத்துக்கு அசதி இருந்துச்சு, பிடி பீரியட் வேண்டாம்னு லெட்டர் கொடுத்தேன்.

டெங்கு கேஸ்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து தகவல் போயிடும், மாநகராட்சி ஆளுங்க மருந்து அடிக்க வருவாங்க, கதவைத் திறந்து விடுங்க. எங்க வீட்டுக்கு வந்தவர் மாடித் தொட்டி, செடித்தட்டு, டயர் எல்லாம் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டு, கடைசியா ஃப்ரிட்ஜை முன்னாடி இழுக்கச் சொன்னார். பின்னாடி அடியில தண்ணி வடியற ட்ரே ஒண்ணு இருக்கு, வாங்கின ஆறு வருஷத்துல நான் அதைப் பார்த்ததே இல்ல. டார்ச் அடிச்சுக் காட்டினார், ஒரு கரண்டி தண்ணிதான் இருக்கும், அதுல பத்துப் பதினஞ்சு புழு தலைகீழாத் தொங்கி நெளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை காலையில அந்த ட்ரேயை எடுத்துக் கழுவிக் காய வைக்கிறது பையனோட வேலை.